படித்தவர் எவருமிலர்

1

இந்தக் கதை ஒரு விழா மலருக்காகக் கேட்கப்பட்டது. கேட்டவர்களிடம் கொடுக்கப்போவதில்லை என்று முடிவான பிறகு உங்களிடம் கொடுக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு, மலரில் வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று யாரும் வருத்தப்பட வேண்டாம்.

பேராசிரியர் தெய்வசிகாமணிக்கு எண்பது வயது ஆகிறது. வரலாற்றாசிரியர். கல்லூரி வாசலுக்குள் பொதுமக்கள் எப்படி நுழைந்தார்கள், நுழைய முடியாதவர்கள் எங்கே நிறுத்தப்பட்டார்கள் என்பதை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். மலர்க் குழுச் செயலாளர் எனக்குப் போன் செய்தார்.

"எல்லாரும் கனமா எழுதிட்டாங்க சார். நீங்க லைட்டா ஒண்ணு குடுங்க. ஐயாவே சிரிக்கிற மாதிரி."

நான் கேலி எழுதுகிறவன். மேடையில் போர்த்துகிற பொன்னாடையைப் பின்னால் நின்று லேசாக இழுத்துவிடுவது என் பிழைப்பு. முழுசாக ஒரு பேராசிரியர் கிடைத்தால் விடுவேனா? ஒப்புக்கொண்டேன்.

அவருடைய பெரிய நூலைத் தேடினேன். 'உயர்கல்வியும் பொதுமக்கள் நுழைவும்: தென்னார்க்காட்டு உள்நிலப் பகுதிகள் குறித்த ஒரு சமூக வரலாற்று மறுபரிசீலனை.' தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் ஒருவன் பட்டம் வாங்கிவிடலாம். நூலகத்தில் அது பூட்டிய பீரோவுக்குள் இருந்தது. வெளியே தரமாட்டார்கள். பீரோ சாவி லீவில் போன ஆளிடம் இருந்தது. பொதுமக்கள் நுழைவு பற்றிய நூல், ஐயா! இதை நான் கற்பனை செய்திருந்தால் இவ்வளவு பச்சையாகச் செய்திருக்க மாட்டேன்.

லீவு முடிந்து சாவி வந்தது. சிரிப்பு வருகிற இடங்களைக் குறித்துக்கொண்டே போனேன். நிறையவே இருந்தன. கல்வராயன் மலை பற்றிய அத்தியாயத்தில் இப்படி ஒரு வரி:

'இம்மேல்மலைச் சிற்றூரில் பள்ளியிறுதி வரை படித்தவர் எவருமிலர்.'

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்று தாண்டிப் போனேன். அந்த வரிக்கு அடியில் ஒரு பெண் சிக்கிக்கொண்டிருந்தாள் என்பது, பின்னால் சங்கராபுரத்தில் உரக்கடை வைத்திருக்கும் வீரமுத்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

2

தொடக்கங்கள்.

கல்வராயன் மலையின் முகடுகளில் வெண்பஞ்சு மேகங்கள் தவழ்ந்துகொண்டிருந்த ஓர் இனிய

(வேண்டாம். மேகம் தவழ்கிற மலையில் யாருக்கும் கெடுதல் நடக்காது. அடித்தாயிற்று.)

1987 செப்டம்பர். தென்னார்க்காடு மாவட்டம் கொதித்துக்கொண்டிருந்தது.

(மாவட்டம் கொதிக்காது. ஆனால் வருஷத்தை வைத்துக்கொள்வோம். அந்தச் செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. மரங்களை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே போட்டார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆட்கள் செத்தார்கள். அந்தச் சாவுகள் நிஜம். செத்தவர்களை என் கதைக்குள் வேலைக்குக் கூப்பிட மாட்டேன். இங்கே வருகிறவர்கள் வேறு.)

ஒரு பெண் ப்ளஸ் டூ தேறிவிட்டதால், அவள் அந்த ஊர்க்காரியே இல்லை என்று ஆகிவிட்டது.

(இது சரி. இதைப் பிடித்துக்கொண்டு போவோம்.)

3

தைலம்மாள் மேல்மலைக்காரி. சங்கராபுரத்தில் விடுதியில் தங்கிப் படித்தாள். அந்த வருஷம் ப்ளஸ் டூ தேறினாள். வரலாறு எடுத்து பி.ஏ. படிக்க ஆசை.

[முதலில் தாவரவியல் என்று எழுதியிருந்தேன். பேராசிரியரைக் குத்துவதற்கு வரலாறுதான் வசதி என்று மாற்றினேன். அவள் எதைப் படிக்க ஆசைப்பட்டாள் என்பது வீரமுத்துவுக்கும் தெரியாது.]

ஒரு கல்லூரியில் பழங்குடியினருக்கான இடம் ஒன்று ஆள் வராமல் காலியாகக் கிடந்தது. செப்டம்பர் கடைசிக்குள் சாதிச் சான்றிதழோடு வந்தால் அவளுக்கு. வராவிட்டால் வேறு யாருக்காவது. அவளுக்கு வேண்டியதெல்லாம், இவள் மலையாளிப் பழங்குடி* என்று ஓர் ஆபீசரின் கையெழுத்து.

* கல்வராயன் மலையில் காலகாலமாக இருக்கிறவர்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. அந்த ஆபீசருக்கும் இதை ஒருவர் சொல்ல வேண்டியிருந்ததாம்.

எந்த ஆபீஸ் என்று எழுதமாட்டேன். எழுதினால் மற்ற ஆபீசுகள் தங்களை விட்டுவிட்டதாக வருத்தப்படும். ஆபீசர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவர் மேஜையில் பேராசிரியரின் ஆய்வறிக்கை இருந்தது. நூலாவதற்கு முன்பு அரசாங்கத்துக்குக் கொடுத்தது.

"எந்த ஊரு?"

சொன்னாள்.

"அந்த ஊர்ல ஸ்கூல முடிச்சவங்களே இல்லன்னு இதுல போட்டிருக்கே."

"நான் முடிச்சிருக்கேன் சார்."

"அதத்தான் நானும் கேக்கறேன். அந்த ஊர்ல யாரும் படிக்கல. நீ படிச்சிருக்க. அப்போ நீ எந்த ஊரு?"

"அதே ஊருதான் சார். அவங்க வந்தன்னிக்கி நான் இங்க ஸ்கூல்ல இருந்தன்."

"அதுக்கு நான் இன்னா பண்றது? ஆராய்ச்சி அன்னிக்கி லீவு போட்டுட்டு வூட்ல இருந்திருக்கணும்."

அவளுடைய அப்பா சின்னராசு ஓரமாக நின்றிருந்தார். "எம் பொண்ணுதாங்க சாமி" என்றார்.

"யோவ், பொண்ணு உன்னுதுதான். யாரு இல்லன்னது? ஊருதான் உன்னுதான்னு கேள்வி. கீழேருந்து மேல போயி நாலு மரவள்ளி நட்டுட்டு, நானும் மலையாளின்னு வந்து நிக்கிறவன் எத்தினி பேரு தெரியுமா? இவ பேசறதே மலப்பேச்சு மாதிரி இல்லியே."

"ஹாஸ்டல்லயே இருந்தா எப்பிடி சார் பேசுவாங்க?"

"பாத்தியா. இப்பிடி எதுத்துப் பேசறதும் மலைக்காரங்க கொணம் இல்ல."

வாயைத் திறந்தாலும் வழக்கு தோற்கும். திறக்காமல் இருந்திருந்தால் 'மந்தம், கல்லூரிக்கு லாயக்கில்லை' என்று எழுதியிருப்பார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "டாக்டர் பட்டம் வாங்கினவரு எழுதினத நான் தப்புன்னு சொல்ல முடியாது. அவரே கள்ளக்குறிச்சி லாட்ஜுலதான் தங்கி இருக்காரு. போயி அவர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. அந்த வரி தப்பு, இந்தப் பொண்ணு இந்த ஊருதான்னு அவரு எழுதிட்டா, நான் ஏன் தடுக்கப்போறேன்?"

படிக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கே சான்றிதழ் கிடைத்திருக்கும். அதை வாங்கி என்ன செய்வது என்பது வேறு கேள்வி.

4

அந்த வரி எப்படி உண்டானது?

மலருக்குத் தமாஷாக ஏதாவது தேறும் என்று அந்த ஊருக்கு நானே போனேன். வாடகைக் கார். மரத்தடியில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைச் சட்டையோடு இறங்கிப் போய், "ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு பேராசிரியர் இங்க வந்தாரே, ஞாபகம் இருக்கறவங்க யாராவது உண்டா?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லீங்க."

"அப்ப இங்கேர்ந்து படிக்கப் போனவங்க?"

"யாரும் இல்லீங்க."

எனக்குப் பின்னால் யூனிபாரம் போட்ட ஒரு பிள்ளை ஸ்கூல் பையோடு போய்க்கொண்டிருந்தது. அதைக் காட்டினேன். அவர்களும் திரும்பிப் பார்த்துவிட்டு, "யாரும் இல்லீங்க" என்றார்கள்.

கீழே வந்து சங்கராபுரத்தில் டீ குடிக்கும்போது புலம்பினேன். பக்கத்து உரக்கடை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பெரிய மீசைக்காரர் சிரித்தார். அவர்தான் வீரமுத்து.

"கார்ல போனீங்களா?"

"ஆமா."

"அப்ப அப்பிடித்தான் சொல்லுவாங்க. மேல ஜீப்பு, காரு ஏறுதுன்னா ஒண்ணு சாராயம் புடிக்கறவன், இல்ல காட்டுல வெறவு எடுத்தான்னு கேஸ் போடறவன், இல்ல குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் புடிக்கறவன். யாரு இருக்கான்னு எவன் கேட்டாலும் இல்லன்னுடறது. நீங்க இன்னா கேட்டீங்கன்றதே அவங்க காதுல வுழுந்திருக்காது சார்."

பேராசிரியர் ஜீப்பில்தான் போயிருக்கிறார். அரசாங்க ஜீப். ஊரைக் கோயில் முன்னால் கூட்டி, ஆய்வு முறைப்படி, தெளிவாக, இரண்டு தடவை கேட்டிருக்கிறார்: "உங்கள்ல பள்ளிக்கூடம் முடிச்சவங்க, முடிக்கப் போறவங்க யாராவது இருக்கீங்களா?" ஓர் ஆள் எழுந்து நின்று, "யாரும் இல்லீங்க சாமி" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஊருக்கு நிம்மதி. பேராசிரியருக்கும் நிம்மதி: அவர் எதிர்பார்த்து வந்த பதிலும் அதுதானே.

5

இந்த இடத்தில் எனக்குப் பேராசிரியர் மேல் சந்தேகம் வந்தது. அவருடைய குணத்தின் மேல் அல்ல, பாத்திரத்தின் மேல்.

நான் அவரை எப்படிச் செய்திருந்தேன் என்றால்: தொப்பை, தங்கப் பிரேம் கண்ணாடி, எந்த வாக்கியத்தையும் 'இங்கு நாம் கவனிக்க வேண்டியது' என்று ஆரம்பிக்கிற நாக்கு. எழுத எழுதச் சுகமாக இருந்தது. மூன்று பக்கம் ஓடியது. ஒரு வரியைக்கூட வைத்துக்கொள்ள முடியவில்லை. விசாரித்ததில், ஆள் அந்த வருஷங்களில் ஒல்லி. மலையில் அலைந்து மலேரியா வாங்கிக்கொண்டவர். கூட வந்தவர்கள் கீழே டிராவலர்ஸ் பங்களாவில் கோழி தின்றபோது மேலே சாமைச் சோறு தின்றவர். கல்லூரிகள் யாருக்காகக் கட்டப்பட்டன என்று அந்தக் காலத்தில் கேட்டு, அதனால் ஒரு பதவி உயர்வை இழந்தவர்.

இப்படிப்பட்டவரைக் கேலி செய்வது கஷ்டம். பொய்யான ஆள் ஊதியிருப்பான், ஊசி வைத்தால் போதும். உண்மையாக உழைத்தவரை என்ன செய்வது? அவர் எழுதிய ஒரு வரி போய் ஒரு பெண்ணின் காலில் விழுந்திருக்கிறது. அவர் அதைத் தூக்குவாரா? கதை இவ்வளவுதான். இதற்குத் தொப்பை தேவையில்லை.

6

அப்பாவும் பெண்ணும் இறங்கி வந்தது மறியல் வாரத்தில். பஸ் இல்லை. கச்சிராயபாளையம் தாண்டிக் கள்ளக்குறிச்சிச் சாலையில் நடந்து வருகிறார்கள். குறுக்கே ஒரு புளியமரம். மரத்தின் மேல் வரிசையாக ஆட்கள். அவர்களில் ஒருவன் வீரமுத்து. அப்போது மீசை அரும்பு.

"பெருசு, எங்க போறீங்க? பஸ்ஸும் கெடையாது, சந்தையும் கெடையாது."

"நடந்தே போய்க்கிறோம்ப்பா. ஒருத்தர பாக்கணும்."

"யாரு, மினிஸ்டரா?" மரத்தின் மேல் சிரிப்பு.

"காலேஜ் சீட்டு விஷயமா" என்றாள் தைலம்மாள்.

சிரிப்பு நின்றது. "நாங்களும் அதே விஷயமாத்தான் பாப்பா உக்காந்துகினு இருக்கோம்" என்றான் வீரமுத்து.

இன்னொருவன், "உங்களுக்கு இன்னாம்மா கவலை? உங்களுக்குத்தான் தனியா குடுத்துட்டானே" என்றான்.

"குடுத்தது மேஜ மேல இருக்குதுண்ணா. எடுக்க வுடமாட்றாங்க."

சின்னராசு மரத்தின் அடியில் குனிந்து நுழைந்தார். அவள் கிளைகளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறித் தாண்டினாள். பாவாடை ஒரு கிளையில் மாட்டிக் கிழிந்தது. வீரமுத்துவும் இறங்கி அவர்களோடு நடந்தான். வழியெல்லாம் இன்னும் மரங்கள் கிடந்தன. அங்கங்கே வேறு வேறு ஊர் ஆட்கள். 'இவங்க நம்ம ஆளு, வுடு' என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது.

[நெகிழ வைக்கிறேனோ? கேட்டுவிட்டேன். "நல்ல மனசெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்றார் வீரமுத்து. "ரெண்டு நாளா மரத்து மேலயே உக்காந்து சூத்து வலி எடுத்துக்கிச்சி. நடந்தா தேவலாம்னு இருந்துது." மலர்க் குழு இந்தச் சொல்லைப் போடாது. அதற்காகவே அப்படியே வைத்திருக்கிறேன்.]

நடக்கும்போது அவள் ஆபீசில் நடந்ததையெல்லாம் சொல்ல, அவன் கேட்டான்: "ஆமா, அவரு எழுதிக் குடுக்கலன்னா?"

"குடுப்பாரு. படிச்சவரு. சொன்னாப் புரியும்."

"படிச்சவன்தானே பாப்பா உனக்கு வேட்டு வெச்சது?"

"தெரியாம வெச்சாரு."

தெரியாமல் செய்தவருக்குத் தெரிய வைத்துவிட்டால் போதும் என்று அவள் நம்பினாள். பதினேழு வயது. எனக்கு அந்த வயதில் அந்த நம்பிக்கைகூட இல்லை. அதனால்தான் கேலி எழுத வந்தேன்.

7

லாட்ஜ். மாடி அறை. பிற்பகல். மறியலில் சிக்கிக்கொண்ட பேராசிரியர் லுங்கியோடு இருந்தார். கட்டில் முழுக்க ஆய்வுத் தாள்கள். கடைகள் மூடியிருந்ததால் சிகரெட் தீர்ந்து, ஒரு துண்டுச் சிகரெட்டைப் பற்றவைக்காமல் விரலில் வைத்திருந்தார். வீரமுத்து ஒரு மூலையில் நின்றுகொண்டான். இருந்த ஒரே நாற்காலியில் பேராசிரியர் தைலம்மாளை உட்காரச் சொன்னார்.

(அவளை உட்காரச் சொன்ன முதல் ஆள் இவர். மலருக்கு இதை எடுத்துக்கொள்ளலாம்.)

முழுவதும் கேட்டுவிட்டு, "ஊரே கூடியிருந்ததும்மா" என்றார். "ஒருத்தர் எழுந்து நின்னு சொன்னார். வேற யாரும் மறுக்கலையே."

சின்னராசு கதவோரம் குந்தியிருந்தார். "அது நான்தான் சாமி."

தைலம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"ஜீப்பு வந்துது. படிச்சவங்க யாருன்னு கேட்டாங்க. படிச்சவங்கள இன்னாத்துக்கு கேக்கறாங்க, புடிச்சிக்கினு போயிடுவாங்களோன்னு பயந்து, இல்லன்னுட்டன்."

"இன்னாப்பா நீ" என்றாள்.

வேறு எதுவும் சொல்லவில்லை என்கிறார் வீரமுத்து. நான் இந்த இடத்தில் அவள் கண்களைப் பற்றி ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். அந்தக் கண்களில்

(அடித்தாயிற்று.)

பேராசிரியர் நிமிர்ந்தார். ஒரு சிக்கல் அவிழ்ந்த சந்தோஷம் அவருக்கு. "அப்ப இது தகவலாளர் தந்த பிழையான தகவல். அதையே ஒரு வாக்குமூலமா எழுதி அவர் கைநாட்டு வெச்சுட்டா, நான் அதை இணைச்சுத் தந்துடறேன்."

"எங்கப்பா பொய் சொன்னாருன்னு எழுதி, அத கொண்டுபோயி அந்த ஆபீசர்கிட்ட குடுத்து, இவரு சொல்ற சாதிய நம்புங்கன்னு கேக்கணுமா சார்?"

அவர் யோசித்தார். நியாயமான மனிதர், அதனால் உடனே புரிந்தது. பிறகு கதவைச் சாத்திவிட்டு, தாழ்ந்த குரலில் உண்மையான காரணத்தைச் சொன்னார்.

"உங்கிட்ட மறைக்க விரும்பலம்மா. உங்க மலையில உண்டு உறைவிடப் பள்ளி வேணும்னு எழுதியிருக்கேன். கோப்பு மெட்ராஸ்ல நகருது. ஏன் நகருதுன்னா, எவருமிலர்னு இருக்கு. ஒருத்தர்கூட இல்லன்னா அரசாங்கத்துக்கு வெக்கமா இருக்கும். ஒருத்தி இருக்கான்னு நான் எழுதினா, 'அதான் கீழ வந்து படிக்க முடியுதே, பள்ளி எதுக்கு'ன்னு மூடி வெச்சுடுவான். உனக்குப் பின்னால எத்தனை பிள்ளைங்க இருக்கு, யோசிச்சுப் பாரு."

வாசகரே, இங்கே சிரிக்கலாம் என்று பேனாவைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். முடியவில்லை. அவர் சொல்வது சரி. எனக்கு அரசாங்கம் தெரியும். அப்படித்தான் மூடி வைப்பார்கள்.

அவள் கேட்டாள்: "அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சிட்டு வர்ற பிள்ளைங்க எந்த ஆபீசுக்கு சார் போவாங்க?"

அவர் கட்டிலில் கிடந்த தாள்களைப் பார்த்தார்.

"இதே ஆபீசுக்குத்தானே? இந்த ஊர்ல படிச்சவங்களே கெடையாதேன்னுதானே அவங்களையும் கேப்பாரு?"

விரலில் இருந்த சிகரெட்டைப் பேராசிரியர் கீழே வைத்தார். "சரிம்மா. எழுதறேன்."

"தப்பு என்னுதுன்னு நீங்க எழுதுங்க சார். அது போதும்."

"ஆய்வுல தப்புன்னு எழுதறதில்லம்மா. வரம்புன்னு எழுதுவோம்."

உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினார். இங்கிலீஷில். அழகான கையெழுத்தாம். கள ஆய்வின் வரம்புகள், கூட்டத்தில் கேட்கப்படும் கேள்வியின் வரம்புகள், ஒரு நாள் வருகையின் வரம்புகள். தைலம்மாள் தமிழில் படித்தவள். ஒவ்வொரு சொல்லாக உதட்டை அசைத்துப் படித்தாள். அடி வரைக்கும் போய், மறுபடி மேலே வந்தாள்.

"இதுல எம்பேரே இல்லியே சார்."

"தகவல் சொல்றவங்க பேர வெளியிடக் கூடாதும்மா. அது ஆய்வு ஒழுக்கம். உன் பாதுகாப்புக்குத்தான். 'மேல்மலைப் பெண் ஒருவர்'னு இருக்கு பார்."

"மேல்மலைப் பொண்ணு ஒருத்தருக்கா சார் சீட்டு குடுப்பாங்க?"

அப்போதுதான் படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது. மறியல்காரர்களைத் தேடி லாட்ஜ் லாட்ஜாகப் போலீஸ் ஏறிக்கொண்டிருந்தது. கதவு திறந்தது. மூலையில் நின்றிருந்த வீரமுத்துவைப் பார்த்து, "யார்றா நீ?" என்றார் முன்னால் வந்தவர்.

பேராசிரியர் குறுக்கே வந்து நின்றார். லுங்கியோடு. "இவர் என் ஆய்வு உதவியாளர்."

தன் ஆய்வில் ஒரு வரியைத் திருத்த ஒரு மத்தியானம் முழுக்கத் தயங்கியவர், முன்பின் தெரியாத பையனுக்காக ஒரு நொடியில் பொய் சொன்னார். நான் இதை மறைக்கலாம். கேலிக்கு இது உதவாது. மறைக்கவில்லை.

போலீஸ்காரர் வீரமுத்துவின் கைகளைத் திருப்பிப் பார்த்தார். கோடாலி பிடித்த கொப்புளம். நகத்தில் புளியம்பட்டை. "இன்னா ஆராய்ச்சி சார்? மரத்தப் பத்தியா?" என்று கேட்டுவிட்டுச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போனார்.

முதல் அடி படிக்கட்டில், முழங்காலில் விழுந்தது. அந்தக் கால் இன்றைக்கும் மடங்காது. அதனால்தான் கடை வாசலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். விழுந்து கிடக்கும்போது மேலே அறையிலிருந்து பேராசிரியரின் குரல் கேட்டதாம்:

"உன் பேர் என்னம்மா? முழுசா, மெதுவா சொல்லு."

அதற்குள் இரண்டாவது அடி.

8

வீரமுத்து சொன்னது இதோடு முடிந்தது. அவர் ஜெயிலுக்குப் போய்த் திரும்பி வந்தபோது செப்டம்பர் முடிந்திருந்தது. இனி நான்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

முடிவு அ. பேராசிரியர் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்பாவும் பெண்ணும் மரங்களைத் தாண்டித் தாண்டி ஆபீசுக்கும், அங்கிருந்து கல்லூரிக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அவள் படித்தாள். இன்று எங்கேயோ ஓர் ஊரில் வரலாறு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள். (மலருக்கு ஏற்றது. செயலாளர் அழுதுவிடுவார்.)

முடிவு ஆ. போலீஸைப் பார்த்த நடுக்கத்தில் பேராசிரியர் பழைய தாளையே கொடுத்து அனுப்பினார். மேல்மலைப் பெண் ஒருவருக்கு யாரும் சான்றிதழ் தரவில்லை. மலைக்குப் பள்ளி வந்தது. அவளுக்கு அங்கே சமையல் வேலை கிடைத்தது. (இது நடந்திருக்கக் கூடும் என்று தோன்றுகிறபோதெல்லாம் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன்.)

முடிவு இ. வீரமுத்துவை இழுத்துப் போனவர்கள் திரும்பி வந்து, 'மலைக்காரன் லாட்ஜுல இன்னாடா பண்றே, சாராயமா?' என்று சின்னராசுவையும்

(இதை முடிக்கப்போவதில்லை.)

உண்மை தெரிந்த ஒருவர் இருக்கிறார். போன் செய்தேன். வணக்கம் சொல்லி, மலருக்கு எழுதுவதாகச் சொல்லி, அந்த மத்தியானத்தை ஞாபகப்படுத்தினேன்.

"ஐயா, அந்தக் கடிதத்தில பேர எழுதினீங்களா?"

"தகவலாளர் பெயரைப் பற்றி வெளியில் பேசுவதில்லை" என்றார்.

ஞாபகம் இருந்து சொன்னாரா, மறந்துபோய்ச் சொன்னாரா, எழுதவில்லை என்பதை அப்படிச் சொன்னாரா? தெரியவில்லை. நூலின் அடுத்தடுத்த பதிப்புகளைப் பார்த்துவிட்டேன். எவருமிலர் அப்படியேதான் இருக்கிறது.

மறுபடி சங்கராபுரம் போய் வீரமுத்துவைக் கேட்டேன். "அந்தப் பொண்ணு பேராவது தெரியுமா? விசாரிச்சுப் பாக்கறேன்."

அவர் காலைத் தடவிக்கொண்டே இருந்தார். "ஒரு நாள் பூரா கூட நடந்தன் சார். பாப்பா பாப்பான்னே கூப்புட்டுக்கினு வந்தன். கேக்கணும்னு தோணவே இல்ல. அவருதான் கடைசியா கேட்டாரு. அவ சொல்லச்சொல்ல எனக்குத்தான் அடி வுழுந்துகினு இருந்துது."

ஆகவே வாசகரே, தைலம்மாள் என்பது நான் வைத்த பெயர்; அவள் அப்பாவின் பெயரும் அப்படித்தான். அந்த மாடி அறையில் அவள் வாயைத் திறந்து சொன்ன பெயர் எனக்குத் தெரியாது. அது அந்தத் தாளில் ஏறியதா என்பதும் தெரியாது. ஏறியிருந்தால் ஒரு வாழ்க்கை. இல்லையென்றால் வேறு.

முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்றை எடுத்தாலும் சரி, நான்காவதாக ஒன்றைச் செய்தாலும் சரி. ஆனால் அவள் பெயரைப் போட்டு எழுதுங்கள். நான் வைத்த பெயர் வேண்டாம். அதைக் கொண்டுபோனால் அந்த ஆபீசில் கையெழுத்துப் போடமாட்டார்கள்.